அரைகுறையாக இடித்த கோட்டை

ஜப்பானின் கியூஷு தீவில், நாகசாகி மாநிலத்தின் ஷிமாபாரா தீபகற்பத்தில் இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. ஒன்று ஷிமாபாரா நகரத்தின் நடுவில் வெள்ளைவெளேரென்று ஐந்தடுக்குக் கோபுரத்தோடு நிற்கிறது. மெய்ஜி ஆட்சியில் இடிக்கப்பட்ட அந்தக் கோபுரத்தை 1964இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்பதும் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான்.

இன்னொன்று அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போல, அரியாகே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டுநிலம். பெயர் ஹரா கோட்டை. கோபுரமும் கிடையாது, வாசலும் கிடையாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுபோன கருங்கல் மதில்கள், புல்வெளி, நடுவே கைகூப்பி நிற்கும் ஓர் இளைஞனின் சிலை, சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த இரண்டாவதைத்தான்.

ஹரா கோட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1637-38இல் அங்கே நடந்த உழவர் கிளர்ச்சியை எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் இந்தக் கதையில் ஒரு கட்டடக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. இது இருமுறை கைவிடப்பட்ட கோட்டை. முதல் தடவை ஏனோதானோவென்று விட்டுப்போனார்கள். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுத்த பிறகு, இரண்டாம் தடவை கல்லைக் கூட விட்டுவைக்காமல் இடித்தார்கள். இன்று அங்கே நாம் பார்ப்பது அந்த இரண்டாம் இடிப்பின் மிச்சம்.

ஜப்பானியக் கோட்டை என்றதும் நம் கண்ணில் நிற்பது அடுக்கடுக்கான ஓட்டுக்கூரைக் கோபுரம். உண்மையில் அது மரமும் மண்ணும் சுண்ணாம்பும். ஒரு தீப்பந்தம் போதும், ஓர் இரவில் சாம்பலாகிவிடும். எரிந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். கோட்டையின் உடம்பு கீழே இருக்கிற கல்மதில்தான். வெளிப்பக்கம் பெரிய கற்களைச் சரிவாக அடுக்குவார்கள். அதற்குப் பின்னால் மண்ணை நேரடியாகக் கொட்டாமல் கைக்கு அடங்குகிற சில்லுக்கற்களை நிரப்புவார்கள். மழைநீர் அதன் வழியே வடிந்துபோகும், மதில் உப்பி வெடிக்காது. சாந்து எதுவும் கிடையாது, கல்லின் எடைதான் கல்லைப் பிடித்திருக்கும். இதில் உயிர்நிலை மூலை. நீளமான கற்களை ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோத்து மூலையைக் கட்டுவார்கள். மூலை பெயர்ந்தால் மதில் தன்னால் சரியத் தொடங்கும்.

இதனால் கோட்டையை அழிப்பதற்கும் ஜப்பானில் ஒரு முறை வந்தது. ‘ஷிரோவாரி’ என்பார்கள், கோட்டை உடைப்பு. எல்லாக் கல்லையும் பெயர்ப்பதற்கு எவ்வளவு ஆள் வேண்டும்! அதனால் மூலைகளை உடைத்து, வாசலைச் சிதைத்து விட்டால் போதும், ‘இது இனி கோட்டை இல்லை’ என்று ஊருக்கும் உலகத்துக்கும் தெரிந்துவிடும். பாதி வேலை, பாதி சடங்கு. ஹராவில் பிரச்சினை தொடங்குவது இந்தப் பாதியில்தான்.

கோட்டையைக் கட்டியவர் அரிமா ஹருனோபு. அந்தத் தீபகற்பத்தின் டைம்யோ, அதாவது தன் நிலத்துக்கும் தன் படைக்கும் தானே எஜமானான சிற்றரசர். அரிமா குடும்பத்தின் தலைமை இடம் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹினோயே கோட்டை. ஹராவில் முன்பே, 1496 வாக்கில், ஒரு சிறு கோட்டை இருந்ததாக மரபுச் செய்தி உண்டு. பீரங்கியும் துப்பாக்கியும் வந்துவிட்ட காலத்துக்கு ஏற்றபடி, மூன்று பக்கம் கடல் சூழ்ந்த இந்த மேட்டில் 1599 முதல் 1604 வரை புதிய கோட்டையை எழுப்பினார் ஹருனோபு. சுற்றளவு சுமார் நான்கு கிலோமீட்டர். கடலிலிருந்து ஏறத்தாழ முப்பது மீட்டர் உயரம். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரிய வளாகங்கள், தென்கிழக்குப் பக்கம் கடலை ஒட்டித் தலைமை வளாகம்.

ஹருனோபு கிறிஸ்தவர். 1580இல் திருமுழுக்குப் பெற்றவர். நம்மூர் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே ஊழியம் செய்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் பிறகு மலாக்கா வழியாகப் போய் 1549இல் கியூஷுவின் ககோஷிமாவில் கரை இறங்கினார்; அவர் தொடங்கி வைத்தது முப்பது ஆண்டுகளில் அரிமா அரண்மனைக்குள் நுழைந்திருந்தது. ஹருனோபுவின் ஊரில் யேசு சபையார் ஒரு குருமடம் நடத்தினார்கள். கியூஷுவின் மூன்று கிறிஸ்தவ டைம்யோக்களின் பெயரால் 1582இல் நான்கு பையன்கள் தூதுவர்களாகப் புறப்பட்டு, கொச்சியும் கோவாவும் கடந்து, 1585இல் ரோமில் போப்பாண்டவரைச் சந்தித்தார்கள். அந்த மூன்று டைம்யோக்களில் ஹருனோபுவும் ஒருவர். பையன்களில் ஒருவர் அவருடைய உறவினர்.

ஆனால் இந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹினோயே கோட்டையில் 1990களில் தோண்டியபோது ஓர் அகன்ற படிக்கட்டு வெளிப்பட்டது. படிகளுக்குப் போட்டிருந்த கற்களில் பல, பௌத்தக் கல்லறைகளிலிருந்தும் சிறு தூபிகளிலிருந்தும் பெயர்த்து வந்தவை. கோயில்களை இடித்து, இறந்தவர்களின் கல்லை வாசற்படியாக்கி, மேலே மிதித்துப் போயிருக்கிறார்கள். கல்லைக் கொண்டு பழி தீர்ப்பது இந்தத் தீபகற்பத்தில் ஷோகுன் ஆட்சி, அதாவது டைம்யோக்கள் எல்லோருக்கும் மேலே இருந்த படைத்தலைவரின் ஆட்சி, வந்து கற்றுக்கொடுத்த வித்தை அல்ல.

ஹருனோபு 1612இல் ஒரு லஞ்ச வழக்கில் சிக்கினார். பறிபோன பூர்வீக நிலத்தை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் அதிகாரிக்குப் பணம் கொடுத்து ஏமாந்து, விவகாரம் வெளியே வந்ததும் தொலைதூர மாகாணம் ஒன்றுக்குக் கடத்தப்பட்டு, அங்கேயே உயிரை இழந்தார். மகன் நவோசுமி கிறிஸ்தவத்தைத் துறந்து பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். 1614இல், நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்த ஆண்டில், அவரைக் கியூஷுவின் கிழக்குக் கரைக்கு மாற்றினார்கள். அரிமா குடும்பத்தின் வீரர்களில் பலர் அவரோடு போகவில்லை. வாளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தங்கள் கிராமத்திலேயே ஏர் பிடித்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1615இல், டொகுகாவா ஷோகுன்களின் ஆட்சி ஒரு சட்டம் போட்டது: ஒரு ஆட்சிப்பகுதிக்கு ஒரு கோட்டை, மிச்சமெல்லாம் ஒழிய வேண்டும். 1616இல் புது டைம்யோவாக வந்தவர் மட்சுகுரா ஷிகெமாசா. அவருக்கு ஹினோயேயும் பிடிக்கவில்லை, ஹராவும் பிடிக்கவில்லை. வடக்கே ஷிமாபாராவில் புத்தம்புதுக் கோட்டை ஒன்றை 1618இல் தொடங்கினார். முதலில் சொன்னோமே, அந்த வெள்ளைக் கோபுரம், அதுதான். பழைய இரண்டும் கைவிடப்பட்டன. ஹராவின் கற்களில் ஒரு பகுதியைப் புதுக்கோட்டைக்கு எடுத்துப் போனதாகச் செய்தி உண்டு. ஆனால் பின்னாளைய அகழாய்வு காட்டியது வேறு: தலைமை வளாகத்தின் மதில்கள் அப்போது பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருந்தன. மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் சதுப்பு, நடுவே உருப்படியான மதில். ஆள் மட்டும்தான் இல்லை.

டைம்யோவின் தகுதியை அந்தக் காலத்தில் ‘கொக்கு’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கொக்கு ஏறத்தாழ 150 கிலோ அரிசி, ஒரு ஆளுக்கு ஒரு வருடச் சாப்பாடு என்பது கணக்கு. மட்சுகுராவின் நிலம் சுமார் 43,000 கொக்கு விளைவது. அவர் கட்டிய கோட்டையோ ஒரு லட்சம் கொக்கு டைம்யோவுக்கு உரியது என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? போதாததற்கு ஷோகுனின் தலைநகரான எடோவில், இன்றைய டோக்கியோவில், அவருடைய கட்டுமானங்களுக்கு அள்ளிக் கொடுத்தார். மணிலா மேல் படையெடுக்கக் கூடத் திட்டம் போட்டார். அத்தனையும் உழவர் தலையில் விழுந்தது. நிலத்தை மறுபடி அளந்து விளைச்சலைக் கூட்டிக் காட்டினார்கள். அடுப்புக்கு வரி, சன்னலுக்கு வரி, பிறந்த குழந்தைக்கு வரி, புதைத்த பிணத்துக்கு வரி என்று ஐரோப்பிய வணிகர்களின் குறிப்புகளில் பட்டியல் நீளுகிறது.

மகன் கட்சுயே காலத்தில் இது இன்னும் முற்றியது. வரி கட்டாதவர்களுக்கு வைக்கோல் மழைக்கோட்டை மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, தீ வைத்தார்கள். வலியில் துடித்து ஓடுவதற்கு ‘மினோ நடனம்’ என்று பெயரும் வைத்தார்கள்; மினோ என்றால் அந்த வைக்கோல் கோட்டு. கிறிஸ்தவத்தைக் கைவிட மறுத்தவர்களுக்கு உன்சென் மலையின் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. கடலுக்கு அக்கரையில் அமகுசா தீவுகளிலும் இதே கதைதான். அங்கே ஆண்ட தெராசாவா குடும்பம் நிலத்தின் விளைச்சலை 42,000 கொக்கு என்று எழுதி வைத்து வரி வாங்கியது. கிளர்ச்சி அடங்கிய பின் அந்தக் கணக்கை அரசே பாதியாகக் குறைத்தது என்பதிலிருந்தே அது எப்பேர்ப்பட்ட பொய் என்பது தெரியும்.

விளைச்சலும் பொய்த்திருந்த 1637 டிசம்பரில் ஓர் அரசு அதிகாரியைக் கிராமத்தார் அடித்துக் கொன்றார்கள். தீ பற்றிக்கொண்டது. ஷிமாபாரா கோட்டையை முற்றுகையிட்டார்கள், பிடிக்க முடியவில்லை. அமகுசாக்காரர்கள் அங்கிருந்த டொமியோகா கோட்டையைத் தாக்கினார்கள், அதுவும் விழவில்லை. நின்றுகொண்டிருக்கும் கோட்டைகள் இரண்டும் கைக்கு எட்டாமல் போன பிறகு, இரு பக்கத்தாரும் ஆளில்லாத ஹராவுக்குள் நுழைந்தார்கள்.

இங்கேதான் அந்த ஏர் பிடித்த வீரர்கள் வருகிறார்கள். கோட்டையின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்கள், முற்றுகையைத் தாங்குவது எப்படி என்று அறிந்தவர்கள், கொரியப் போரையும் ஒசாகா போரையும் கண்ட கிழவர்கள். தாங்கள் வந்த படகுகளை உடைத்து அந்தப் பலகைகளால் மதிலின் மேல் அடைப்பு கட்டினார்களாம். திரும்பிப் போக வழி வேண்டாம் என்றாகிவிட்டது. தலைவனாக முன்னிறுத்தப்பட்டவன் மசுதா ஷிரோ, அமகுசா ஷிரோ என்றே உலகம் அறிந்த பையன். வயது பதினாறு போல. அற்புதங்கள் செய்கிறவன், தேவதூதன் என்று பேச்சு. புல்வெளியில் கைகூப்பி நிற்கும் சிலை அவனுடையது. நாகசாகி அமைதிப் பூங்காவின் பெரிய சிலையைச் செய்த கிதாமுரா செய்போவின் கைவேலை.

உள்ளே இருந்தவர்கள் 37,000 பேர் என்பது பழைய கணக்கு. அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் இதைக் குறைக்கிறார்கள். எப்படியும் பெரும் கூட்டம், அதில் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ஏராளம். எடோவிலிருந்து முதலில் அனுப்பப்பட்டவர் இதாகுரா ஷிகெமாசா. சிறிய டைம்யோ, கியூஷுவின் பெரிய பிரபுக்கள் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. தனக்கு மேலே ஒருவரை அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜப்பானியப் புத்தாண்டு நாளில், 1638 பிப்ரவரி 14 அன்று, நேராக மதிலைத் தாக்கினார். மதிலின் அடியிலேயே சுடப்பட்டுச் செத்தார். கைவிடப்பட்ட கோட்டையின் மதில் ஷோகுனின் தளபதியைக் கொன்றது எடோவில் எப்படிப்பட்ட அதிர்ச்சியாக இருந்திருக்கும்!

அடுத்து வந்த மட்சுதைரா நொபுட்சுனாவை ‘மதியூகி இசு’ என்று கூப்பிடுவார்கள். இசு அவருடைய பட்டப்பெயரோடு சேர்ந்த மாகாணம். அவர் அவசரப்படவில்லை. 1,20,000க்கும் அதிகமான படையை நிலப்பக்கம் முழுக்கப் பரப்பி, கடலையும் அடைத்து, பட்டினி போட்டார். ஹிராடோவில் கடை வைத்திருந்த டச்சுக்காரர்களைக் கூப்பிட்டுக் கப்பலிலிருந்து சுடச் சொன்னார். ‘டி ரெய்ப்’ என்ற கப்பல் பதினைந்து நாட்களில் 426 குண்டுகளைச் சுட்டது. தங்கள் மதத்தின் இன்னொரு பிரிவைச் சேர்ந்தவர்கள் மேலேதான் சுடுகிறோம் என்பது டச்சுக்காரர்களுக்குத் தெரியும். வியாபாரம் என்று வந்த பிறகு அது பெரிதாகப் படவில்லை. உள்ளேயிருந்து அம்பில் கட்டி வந்த கடிதங்கள் கேலி பேசின: ஜப்பானில் வீரர்களுக்கா பஞ்சம், வெளிநாட்டானை அழைத்து வந்தீர்களே என்று. அது உறைத்ததோ என்னவோ, கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது.

முற்றுகையிட்ட படையில் இருந்த இரண்டு பேரைச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் மியாமோடோ முசாஷி, ஜப்பானின் பேர்பெற்ற வாள்வீரர், அப்போது ஐம்பதைத் தாண்டியவர். மதிலின் மேலிருந்து விழுந்த கல் முழங்காலுக்குக் கீழே பட்டு நிற்க முடியாமல் போயிற்று என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க வாள்சண்டையில் தோற்காதவர் என்று சொல்லப்படுபவரை, உழவர் வீட்டுக் கிழவியோ பையனோ உருட்டிவிட்ட ஒரு கல் உட்கார வைத்தது. அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பதுதான் இன்னும் சுவாரசியம்: அரிமா நவோசுமிக்கு. ஆமாம், அதே நவோசுமி. தன் தகப்பன் கட்டிய மதிலைத் தகர்க்க, தன் குடும்பத்தின் பழைய வீரர்களைக் கொல்ல, ஷோகுனின் கொடியின் கீழ் அவரும் வந்து நின்றார்.

பிப்ரவரி கடந்தது, மார்ச்சும் கடந்தது. உள்ளே அரிசி தீர்ந்தது, வெடிமருந்து தீர்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் இரவு கிளர்ச்சிக்காரர்கள் வெளியே பாய்ந்து உணவைக் கொள்ளையிட முயன்றார்கள். அதில் செத்தவர்களின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கச் சொன்னார் நொபுட்சுனா. உள்ளே இருந்தது கடற்பாசியும் கொஞ்சம் தானியமும். இனி அதிக நாள் தாங்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். ஏப்ரல் 11 அன்று நபெஷிமா என்ற டைம்யோவின் படையினர் குறித்த நேரத்துக்கு முன்பே பாய்ந்துவிட, மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். மறுநாள் எல்லாம் முடிந்தது. உள்ளே இருந்தவர்களைப் பெண், குழந்தை என்று பார்க்காமல் கொன்றார்கள். ஆயிரக்கணக்கான தலைகள் கம்புகளில் ஏறின. ஷிரோவின் தலை நாகசாகியில் வைக்கப்பட்டது.

உள்ளே இருந்து பிழைத்து வந்து வாக்குமூலம் கொடுத்தவர் என்று பெயரோடு அறியப்படுகிறவர் யமடா எமோசாகு என்ற ஓவியர். அம்பில் கடிதம் கட்டி எதிரிகளோடு பேசியது தெரியவந்து, கிளர்ச்சிக்காரர்களே அவரை அடைத்து வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் நடந்ததைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தக் காட்டிக்கொடுத்தவரின் வாயிலிருந்து வந்தது. கிளர்ச்சிக் கொடியை வரைந்தவரும் அவரே என்பார்கள். சுமார் ஒரு மீட்டர் சதுரத் துணி, நடுவில் நற்கருணைக் கிண்ணம், இருபக்கமும் இரண்டு வானதூதர்கள், மேலே போர்த்துகீசிய மொழியில் ‘அதிபரிசுத்த நற்கருணைக்குத் துதி’ என்று பொருள்படும் வரி. அம்பு துளைத்த தடங்களோடு அந்தக் கொடி இன்று அமகுசாவில் இருக்கிறது.

நொபுட்சுனா அடுத்துச் செய்ததுதான் கோட்டையை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது. கட்டடங்களை எரித்ததோடு நிற்கவில்லை. இந்த மதிலை விட்டுவைத்ததால் வந்த வினைதானே எல்லாம்! மூலைகளைப் பெயர்த்து, மதில்களின் மேல் வரிசைகளைக் கீழே உருட்டி, பிணங்களின் மேல் கல்லும் மண்ணும் சரித்தார்கள். வளைந்து வளைந்து உள்ளே போகும் பெரிய வாசல்வழிகளை முழுக்க மூடினார்கள். 1615இன் சட்டம் கேட்டது சடங்கு; 1638இல் செய்தது வேலை. இதற்குப் பிறகு மேற்கு ஜப்பானில் ஆளில்லாமல் கிடந்த வேறு சில கோட்டைகளின் மதில்களும் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிற ஆய்வாளர்கள், ஹராவில் பட்ட சூடுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். டொகுகாவாக்களுக்கு முன் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி, கொரியா மேல் படையெடுக்கக் கியூஷுவில் கட்டிய நகோயா கோட்டையின் மூலைகளை அதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள்.

அரசியல் விளைவுகள் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். 1639இல் போர்த்துகீசியருக்குத் தடை; 1641இல் டச்சுக்காரர்கள் நாகசாகியின் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள் அடைப்பு; அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு நாட்டின் கதவு ஏறக்குறைய மூடல். மட்சுகுரா கட்சுயேவுக்கு வயிற்றைக் கிழித்துச் சாகும் கௌரவம் மறுக்கப்பட்டது. தலையை வெட்டினார்கள். டொகுகாவா ஷோகுன்கள் ஆண்ட எடோ காலம் முழுவதிலும் அப்படிச் சாகடிக்கப்பட்ட டைம்யோ அவர் ஒருவரே. அரசு கிளர்ச்சியை மதக் கலகம் என்று எழுதிவைத்தது, ஆனால் தண்டித்தது வரி வாங்கிய பிரபுவை. எதை நம்பியது என்பது அதிலேயே தெரிகிறது.

தீபகற்பத்தின் தென்பகுதி காலியாகக் கிடந்தது. சில கிராமங்களில் ஒரு ஆள் கூட மிச்சமில்லை. புது டைம்யோ வரிச்சலுகை கொடுத்து வெளியூர்களிலிருந்து குடியேற்றினார். செட்டோ உள்கடலின் ஷோதோ தீவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஷோதோ தீவு கையால் இழுத்துச் செய்யும் சோமென் என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸுக்குப் பேர்போனது. இன்று மினாமி ஷிமாபாரா நகரம் ஜப்பானில் கையிழுப்பு சோமென் அதிகம் செய்யும் இடங்களில் ஒன்று. அந்தத் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் அந்தக் குடியேறிகளே என்பது ஊரில் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானது. கோட்டையைச் சுற்றி இன்று வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் கிளர்ச்சிக்காரர்களின் வாரிசுகள் அல்லர், இறந்தவர்களின் வயலை உழ வந்தவர்களின் வாரிசுகள்.

அப்படி வந்தவர்கள் இறந்தவர்களை மறந்துவிடவில்லை என்பதற்கு வாசல் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. ஊர் பௌத்தக் கோயிலின் துறவி ஒருவர் 1766இல், கிளர்ச்சி முடிந்து நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, வயலிலும் புதரிலும் கிடந்த எலும்புகளை நண்பன், பகைவன் என்று பிரிக்காமல் பொறுக்கிச் சேர்த்து ஒரு ஜிசோ சிலையை நிறுவினார். ஜிசோ என்பவர் வழிப்போக்கரையும் இறந்த குழந்தைகளையும் காக்கும் போதிசத்துவர். கிறிஸ்தவம் என்று சந்தேகம் வந்தாலே தலை போகும் காலம் அது.

கோட்டை இருந்த இடத்தை அரசு 1938இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் 1992இல் முறையான அகழாய்வு தொடங்கும்வரை, அங்கே உள்ளபடி என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மண்ணை அகற்ற அகற்ற மதில் வளர்ந்துகொண்டே போனது. மூடிக்கிடந்த வாசல்வழியில் பெரும் வாயில் மரத்தூண்களைத் தாங்கிய அடித்தளக் கற்கள் வெளிப்பட்டன. உருட்டிவிடப்பட்ட கற்களுக்கு அடியில் மனித எலும்புகள், பலவற்றில் வெட்டுத் தடம். முழு உடலாகக் கிடைத்தவை மிகக் குறைவு. எலும்புகளோடு கண்ணாடி ஜெபமாலை மணிகள், பதக்கங்கள், துப்பாக்கிக் குண்டுகள், சிலுவைகள்.

அந்தச் சிலுவைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், ஈயம், நேர்த்தி கிடையாது. ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது. கோட்டைக்குள் துப்பாக்கிக் குண்டை உருக்கி வார்த்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஈயம் அவர்களிடம் குறைவு. ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு குண்டு குறைகிறது. அது தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

பசியால் எழுந்த உழவர் கிளர்ச்சியா, விசுவாசத்துக்காக எழுந்த கிளர்ச்சியா என்ற பழைய விவாதம் இந்தச் சிலுவைகளின் முன்னால் சற்றுத் தடுமாறுகிறது. அடக்குமுறைக் காலத்தில் மதத்தைத் துறந்தவர்கள் திரும்பவும் கிறிஸ்தவர்களாகி, பக்கத்துக் கிராமத்தாரையும் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. மனமில்லாமல் உள்ளே போனவர்களும் இருந்தார்கள். வரியா, வேதமா என்று பிரித்துக் கேட்பது நம் வசதிக்கு. பிணத்துக்கும் வரி வாங்குகிற பிரபுவே ஜெபத்துக்கும் தண்டனை கொடுக்கிறபோது, அவர்களுக்கு அது ஒரே எதிரி.

இந்தச் சிக்கல் பாரம்பரியப் பட்டியலிலும் தொடர்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை ஹராவில் இறந்தவர்களை மறைசாட்சிகளாக ஏற்கவில்லை. ஆயுதம் ஏந்தியவர்களுக்கு அந்தப் பட்டம் கிடையாது. 2008இல் நாகசாகியில் 188 ஜப்பானிய மறைசாட்சிகளுக்கு அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. ரோமுக்குப் போன அந்த நான்கு பையன்களில் ஒருவரான நகாவுரா ஜூலியான் அதில் இருக்கிறார். ஹரா கோட்டைக்காரர்கள் ஒருவரும் இல்லை. யுனெஸ்கோ பட்டியலிலோ ‘நாகசாகி வட்டாரத்தின் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள்’ என்ற தலைப்பின் கீழ் வரும் பன்னிரண்டு இடங்களில் ஹராதான் முதலாவது. ஆனால் இங்கே யாரும் மறைந்து வாழவில்லை. இங்கே நடந்ததைக் கண்டு மற்ற இடங்களில் மறைந்துகொண்டார்கள் என்பதே இது பட்டியலில் இருப்பதற்கான காரணம்.

அகழாய்வில் கிடைத்தவற்றில் என் மனத்தில் தங்கிவிட்டது சிலுவை அல்ல. தலைமை வளாகத்தின் மேற்கு மதிலை ஒட்டி, வரிசையாகத் தோண்டப்பட்ட சதுரக் குழிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மீட்டர் அகலம், மேலே கூரை வேய்ந்து குடும்பமாகத் தங்கியிருந்த குழிவீடுகள். நொபுட்சுனாவின் ஆட்கள் சரித்த மண்ணும் கல்லும் மேலே மூடியதால்தான் கலையாமல் கிடைத்தன. கண்டபடி தோண்டியவை அல்ல. ஒரே அளவு, ஒரே கோடு, யாரோ நின்று அளந்து பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடற்காற்று அடிக்கும் மேட்டில், உறைபனி மாதங்களில், மூன்று மாதம் அங்கே குழந்தைகளோடு இருந்திருக்கிறார்கள். ஓலையும் பலகையும் நெருக்கமாக இருந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று, சமையலை ஓர் இடத்தில் பொதுவாக வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். அந்தக் குழிகளில் அடுப்பு எரிந்த தடம் இல்லை.